ஆழம் குறைந்த பவளத்திட்டு: ஸ்நார்கெல் போதுமா, ஸ்கூபா வேண்டுமா?

ஐந்து முதல் எட்டு மீட்டர் வரை மட்டுமே ஆழம் உள்ள ஒரு பவளத்திட்டைக் குடும்பத்தோடு பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி மூச்சுவிட உதவும் ஸ்நார்கெல் குழாய் போதுமா, சிலிண்டர் கட்டிக்கொண்டு ஸ்கூபா முழுக்கு போட வேண்டுமா, ஆழம் குறைவுதானே என்று பயிற்சி இல்லாமலேயே இறங்கலாமா, அறுபதைத் தாண்டிய, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் அம்மாவையும் பத்து வயது மகனையும் தண்ணீரில் இறக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். சுருக்கமாகச் சொன்னால், முதல் முறைக்கு ஸ்நார்கெல் தாராளமாகப் போதும். ஸ்கூபா என்றால் முறையான பயிற்சியோடும் பயிற்றுநரோடும் மட்டுமே. அம்மா தம் மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதிலும் இறங்கக் கூடாது. ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், ஆழம் குறைவு என்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். பவளத்திட்டின் உயிர்ப்பு மிகுந்த பகுதி பெரும்பாலும் மேல் நீரிலேயே இருக்கிறது. பவளத்தை உருவாக்கும், பாலிப்பு எனப்படும் சின்னஞ்சிறு உயிரிகளின் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவில்தான் பவளத்தின் பெரும்பகுதித் தேவை நிறைவேறுகிறது. ஆகவே திட்டு கட்டும் பவளங்கள் ஒளி தாராளமாகக் கிடைக்கும் இடத்தையே நாடுகின்றன. நிறங்களுக்கும் இதே கணக்குத்தான். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது; ஐந்து மீட்டருக்குள்ளாகவே சிவப்பு மங்கத் தொடங்கி, இன்னும் கீழே ஆரஞ்சும் மஞ்சளும் அடுத்தடுத்துக் கரைந்து, கடைசியில் நீலமும் பச்சையும் மட்டுமே எஞ்சும். இருபது மீட்டரில் விளக்கு அடித்தால்தான் தெரியும் சிவப்பு, இரண்டு மீட்டரில் வெறும் வெயிலிலேயே தெரியும். ஆழமாகப் போனவர்தான் அதிகம் பார்த்தவர் என்ற எண்ணத்தைப் பவளத்திட்டைப் பொறுத்தவரை நான் ஏற்பதில்லை.

ஸ்நார்கெலில் திட்டின் கூரையைப் பார்க்கிறீர்கள். ஸ்கூபாவில் அதன் பக்கச் சுவர்களையும், வளைவுகளுக்கு அடியில் இருப்பதையும் பார்க்கிறீர்கள். வேறுபாடு அவ்வளவுதான். ஒரு தட்டைப் பவளத்தின் அடிநிழலில் அசையாமல் கிடக்கும் மீனையோ, இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டும் விலாங்கையோ மேலிருந்து பார்க்க முடியாது. நேரமும் தாராளமாகக் கிடைக்கும். பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது என்று கொள்வோம் (பார் என்பது அழுத்த அலகு; ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்). கரையேற 50 பாரை ஒதுக்கிவிட்டால், செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சுவிடும் ஒருவருக்கு, ஐந்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஒன்றரை மடங்கு என்பதால், நிமிடத்துக்கு 27 லிட்டர் செலவாகும். ஆக, ஒரு மணி நேரம் தாராளமாக இருக்கலாம். ஆனால் புதியவர்கள் பதற்றத்தில் இதைப் போல இரு மடங்கு வேகமாகக் காற்றைச் செலவழிப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆபத்தைப் பற்றி. கடல் மட்டத்தில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொன்று கூடுகிறது. முப்பது மீட்டரிலிருந்து இருபத்தைந்து மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் நான்கிலிருந்து மூன்றரையாகக் குறைகிறது. அப்போது ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.14 லிட்டராக விரிகிறது. அதே ஐந்து மீட்டர் தூரத்தை, ஐந்து மீட்டரிலிருந்து நீர்மட்டம் வரை ஏறினால், ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டராகிவிடுகிறது. ஏறும் தூரம் ஒன்றுதான். விளைவு மூன்று மடங்குக்கும் மேல். காதில், நுரையீரலில், காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் மிதப்புச் சட்டையில், உடுப்பில் எங்கெல்லாம் காற்று இருக்கிறதோ அங்கெல்லாம் மிகப் பெரிய மாற்றம் இந்தக் கடைசி ஐந்து மீட்டரில்தான் நடக்கிறது. நீங்கள் போகும் திட்டு முழுவதும் ஏறக்குறைய அந்த அடுக்கிலேயேதான் இருக்கிறது.

இதிலிருந்து கிளைக்கும் முதல் விதி, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ஸ்கூபா ரெகுலேட்டரில் மூச்சுவிடும்போது மூச்சை அடக்கவே கூடாது என்பது. அழுத்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அதை அடக்கிக்கொண்டே ஒன்றரை மீட்டர் மேலேறினால்கூட நுரையீரல் திசு கிழியக்கூடும்; அங்கிருந்து தப்பும் காற்றுக் குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நீச்சல் குளத்தின் ஆழத்திலேயே இது நடக்கலாம் என்பதால்தான் ‘சும்மா ஐந்து மீட்டர்தானே’ என்று யாரேனும் சிலிண்டரைக் கையில் கொடுத்தால் மறுத்துவிடுங்கள் என்கிறேன். ஸ்நார்கெலில் இந்த ஆபத்து இல்லை. மேலே இழுத்த காற்றோடு கீழே போய் அதே காற்றோடு திரும்புபவரின் நுரையீரல், புறப்பட்ட அளவுக்குத்தான் மீண்டும் விரிகிறது.

காதில் அழுத்தம் ஏறும் சிக்கல் ஸ்நார்கெலில் முழுகுபவருக்கும் ஸ்கூபா செய்பவருக்கும் பொது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி நடுச்செவிக்குள் காற்றை அனுப்பும் வேலையை, வலி வந்த பிறகு அல்ல, தலை நீருக்குள் போனவுடனேயே தொடங்கி ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயல வேண்டுமே தவிர, பலமாக ஊதக் கூடாது. சளி பிடித்திருக்கும் நாளில் கீழே போகவே வேண்டாம். மேலே மிதந்தபடி பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கூபாவில் இறங்கும் உங்களுக்குச் சவாலாக இருக்கப்போவதும், பவளத்துக்கு அதிகக் கேடு செய்வதும் ஒன்றேதான்: மிதப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கத் தெரியாமை. கனம் போதாது என்ற பயத்தில் இடுப்பில் கூடுதலாக ஈயம் கட்டிக்கொள்வது பரவலான பழக்கம். கூடுதல் ஈயத்தைச் சமாளிக்க மிதப்புச் சட்டையில் கூடுதல் காற்று வேண்டும். அந்தக் கூடுதல் காற்று ஆழம் குறைந்த நீரில் அரை மீட்டர் ஏறி இறங்கினாலே கணிசமாக விரிந்து சுருங்கும். விளைவாக ஒருவர் மேலும் கீழுமாகத் தத்தளித்து, கடைசியில் கையையோ காலையோ பவளத்தின் மேல் ஊன்றிவிடுகிறார். சரியான எடையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மிதப்புச் சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சை இழுத்து நிறுத்தி நிமிர்ந்து மிதந்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். இதை நிறைந்த சிலிண்டரோடு செய்தால் இரண்டு கிலோ அளவுக்குக் கூடுதல் எடை சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு; முழுக்கின் முடிவில் சிலிண்டர் அந்த அளவுக்கு இலேசாகி, இறுதி நிமிடங்களில், அதுவும் ஆழம் குறைந்த இடத்தில், உங்களை மேலே தூக்கும்.

எடை சரியாக அமைந்துவிட்டால் மீதி வேலையை மூச்சே செய்துவிடும். பவளத்தின் மேல் ஒரு மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாக, கைகளை மார்பின் முன் கோத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். நிதானமாக மூச்சை இழுக்கும்போது ஓரிரு நொடி தாமதித்து உடல் ஒரு சாண் உயரும். விடும்போது அதே போலத் தாமதித்துத் தாழும். இந்தத் தாமதத்தைப் புரிந்துகொள்வதுதான் வித்தை. புதியவர் உயரவில்லையே என்று மேலும் இழுக்கிறார். அதற்குள் முதல் மூச்சின் விளைவும் சேர்ந்துவர, எகிறிவிடுகிறார். பொறுத்திருந்து இழுத்து, பொறுத்திருந்து விட்டால், தொங்கும் குழாயோ அழுத்தமானியோ எதன் மீதும் உரசாமல் அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கலாம். இதை மணல் தரையின் மேல் பழகிவிட்டுப் பிறகு பவளத்துக்கு அருகில் வாருங்கள்.

முழுகுவோரை நீருக்கடியில் கவனித்து நடத்தப்பட்ட ஆய்வுகளில், பவளத்தைத் தொடுவது பெரும்பாலும் கை அல்ல, காலில் மாட்டிய துடுப்பு என்று தெரியவந்திருக்கிறது. அதிலும் கேமராவோடு இறங்குபவர்களே கூடுதலாக மோதுகிறார்கள். துடுப்பு உங்கள் காலை அரை மீட்டருக்கு மேல் நீட்டிவிடுகிறது என்பதை உடல் உணர்வதற்குச் சில நாள் பிடிக்கும். கிளைத்து வளரும் பவளங்கள் சில ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டையாகத் திரளும் பவளங்கள் ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஓர் ஆள் உயரப் பவளத் திரள் உங்கள் பாட்டனாரைவிட மூத்ததாக இருக்கலாம். அந்தச் சுண்ணாம்புக் கட்டுமானத்தின் மேல் உயிருள்ள திசு மெல்லிய தோலாக மட்டுமே படர்ந்திருக்கிறது. துடுப்பு கிளப்பும் மணல் அதன் மேல் படிந்தாலே பாலிப்புகள் அதைத் தள்ளிவிடத் தம் சக்தியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஸ்நார்கெல் செய்பவர் இன்னும் பெரிய தவறு ஒன்றைச் செய்வதுண்டு: மாஸ்க்கைச் சரிசெய்யவோ பேசவோ ஆழம் குறைந்த இடத்தில் பவளத்தின் மேலேயே எழுந்து நின்றுவிடுவார். நிற்கவே கூடாது. மல்லாந்து படுத்து மிதந்தபடி சரிசெய்யப் பழகுங்கள். மிதவை உடுப்பு இருந்தால் இது மிக எளிது.

ஸ்நார்கெல் கருவிகளில் மாஸ்க்தான் முக்கியம். பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் ஒற்றி, மூக்கால் இலேசாக இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டியிருந்தால் அது உங்களுக்கானது. குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பது நல்லது. நீளம் கூடினால் நாம் விட்ட மூச்சே குழாயில் தேங்கி மறுபடி உள்ளே வரும். அதோடு நீரின் அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சு விரியவும் முடியாது. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்குகளைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தரம் குறைந்தவற்றில் கரிமிலவாயு தேங்கலாம். அவசரத்தில் சட்டென்று கழற்றுவது கடினம். பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடித்துக் காதைச் சமன்செய்யவும் வழியில்லை.

அம்மாவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேதான் வர வேண்டும். கழுத்தளவு நீரில் இருக்கும்போது கைகால்களில் உள்ள ரத்தத்தின் ஒரு பகுதி நெஞ்சுப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. அதோடு குறுகிய குழாய் வழியே வலிந்து மூச்சிழுப்பதும், நீரோட்டத்தை எதிர்த்துக் கால் அடிக்கும் உழைப்பும் சேர்ந்தால், நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் கோத்துக்கொள்ளலாம். தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்காமலேயே ஒருவர் இப்படி மூச்சுத் திணறிச் சாக முடியும். உயர் ரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் வயதும் இந்த ஆபத்தைக் கூட்டும் காரணங்கள். செய்த வேலைக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, திடீர்ச் சோர்வு, இருமல் ஆகியவை வந்தால் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து படுத்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, உடனே நீரைவிட்டு வெளியேற வேண்டும். ‘கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவர் சம்மதித்தால், அம்மா மிதவை உடுப்போடு, அலையில்லாத இடத்தில், துணைக்கு ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருக்க, நீந்தாமல் மிதந்து பார்க்கலாம். ஸ்கூபாவுக்கு முன் நிரப்பித் தரும் மருத்துவப் படிவத்தில் ரத்த அழுத்தத்தை மறைக்க வேண்டாம்.

மகனைப் பொறுத்தவரை, பாடி எனப்படும் சர்வதேசப் பயிற்சி அமைப்பு 10 வயதில் தொடக்கநிலைப் பயிற்சிக்கு அனுமதிக்கிறது. 12 மீட்டருக்கு மேல் ஆழம் கூடாது, பெற்றோரோ பயிற்றுநரோ உடன் இருக்க வேண்டும் என்ற வரம்போடு. அனுமதி இருக்கிறது என்பதால் எல்லாப் பிள்ளைகளும் தயார் என்று ஆகாது. மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்றத் தெரிகிறதா என்று முதலில் குளத்தில் பாருங்கள். ஸ்நார்கெலில் சிறுவர்களிடம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டியது, யார் அதிக நேரம் அடியில் இருப்பது என்ற போட்டி. அதற்காக வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு முழுகுவது உடலில் ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, கரிமிலவாயுவைத்தான் குறைக்கிறது. மூச்சுவிடத் தூண்டும் உந்துதல் கரிமிலவாயுவால் வருவது. அது வராமலே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பும். ஒருவர் முழுகும்போது மற்றவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கும் பொருந்தும் விதி.

இறங்கும் முன் கடலைக் கால் மணி நேரம் பாருங்கள். கடல் முழுதாக வற்றியிருக்கும் நேரத்தில் திட்டின் மேடான இடங்களில் வயிறு உரசும். நடு ஏற்றத்திலும் இறக்கத்திலும் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றம் முழுமையடையும் நேரத்தை ஒட்டி இறங்குவது பொதுவாக வசதி. அலை திட்டின் மேல் உடைந்து உள்ளே கொட்டும் நீர் அத்தனையும் எங்கேனும் ஒரு வாய்க்கால் வழியே வெளியேறியாக வேண்டும். அலை உடையாமல் அமைதியாக, கருநீலமாகத் தெரியும் அந்த இடத்தைப் பாதுகாப்பான பாதை என்று எண்ணிப் புகுந்தவர்கள் ஆழ்கடலுக்கு இழுக்கப்பட்டிருக்கிறார்கள். இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் குறுக்கே விலக வேண்டும். புறப்படும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போய்விட்டால், களைத்த பிறகு அதுவே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்.

உயிரினங்களைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவைக்கு மேல் இருக்கிறது. எதையும் தொடாதவருக்கு எதுவும் நேர்வது அரிது. கல்மீன் தரையோடு தரையாகக் கிடப்பதால் கெட்டியான அடியுள்ள காலணி வேண்டும். அதன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான, ஏறக்குறைய 45 டிகிரி நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் அது நஞ்சு ஏற்றும். பெரிய கிளாத்தி மீன் கூடு காக்கும் பருவத்தில் துரத்திக் கடிக்கும். அது தன் எல்லையாகக் கருதுவது கூட்டிலிருந்து மேல் நோக்கி விரியும் கூம்பு வடிவப் பரப்பு என்பதால், மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அத்தனை தூரம் போய்விட்டு, திட்டு முழுவதையும் ஒரே மூச்சில் நீந்திக் கடந்து திரும்புபவர்கள் ஏராளம். தலை நீருக்குள் போனதுமே எண்ணெயில் கடுகு பொரிவதுபோல இடைவிடாத ஒரு சடசடப்பு கேட்கும். அது இடுக்குகளில் வாழும் சொடுக்கு இறால்கள் தம் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை. அதற்கு மேல் ‘கரக், கரக்’ என்று கேட்பது கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டுவது. சற்றுப் பொறுத்தால் அதே மீன் பின்புறமாக வெண்மணலை உதிர்த்துவிட்டுப் போவதைக் காணலாம். அரைத்த சுண்ணாம்பில் பாசியை எடுத்துக்கொண்டு மீதியைக் கழிக்கிறது. பவளத் தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு இப்படி உண்டானதே. ஓர் உருண்டைப் பவளத்தின் மேல் நீலமும் மஞ்சளுமாகச் சுருள்சுருளாக நிற்கும் விரலளவுப் புழுக்களைப் பார்த்தால், உங்கள் நிழல் அவற்றின் மேல் விழாத பக்கமாகப் போய் நில்லுங்கள். நிழல் பட்டால் கண்ணிமைப்பதற்குள் குழலுக்குள் மறைந்துவிடும். அசையாமல் காத்திருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் முதலில் நுனி, பிறகு ஒவ்வொரு அடுக்காக விரிந்து வெளியே வரும். கருங்கோடு போட்ட சிறிய நீல மீன் ஒன்று பெரிய மீனின் திறந்த வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தும் இடம் கிடைத்தால் இரண்டு மீட்டர் விலகியே நில்லுங்கள். அருகே போனால் வரிசையில் காத்திருக்கும் மீன்கள் கலைந்துவிடும்.

வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பற்றிக் கேட்க மறந்திருப்பீர்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் இளம் பவளங்களைப் பாதிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியதை ஒட்டி, பலாவ் நாடு 2020 முதலும் ஹவாய் மாநிலம் 2021 முதலும் அவை கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடைசெய்தன. களிம்பைவிட முழுக்கைச் சட்டை நல்லது. குப்புற மிதப்பவருக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும்தான் வெந்துபோகும். ஆனால் பவளத்தின் பெரும் எதிரி களிம்பு அல்ல, கடல் சூடாவதுதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி மட்டும் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு நடந்துவருவதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நீங்கள் போகும்போது பளீரென்ற வெண்பவளம் கண்ணில் பட்டால் அது அழகு அல்ல, பசி. உயிர் இன்னும் இருக்கும். நீர் குளிர்ந்தால் மீளவும் கூடும். அப்படிப்பட்ட பவளத்திடமிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக விலகி இருங்கள்.

பயணத் திட்டத்தில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பவளம் கீறிய காயம் சிறிதானாலும், சுண்ணாம்புத் துகள்கள் தங்கிவிட்டால் ஆறாமல் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி மருந்து போட வேண்டும். ஸ்கூபா செய்தால், ஒரே ஒரு முழுக்குக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல முழுக்குகளுக்குப் பிறகு 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. ஆகவே ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் நாட்களில் வைத்து, கடைசி நாளை ஸ்நார்கெலுக்கு ஒதுக்குங்கள். அதற்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.